ஊருக்கு ஒரு பொதுவேலை: பணத்தைத் தேடும் முன் கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டுத் திண்ணையில் மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இளைஞர்கள். நூலகம் வேண்டும், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்று நல்ல நோக்கத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே கேள்வியில் ஆரம்பிக்கிறார்கள்: "அய்யா, பணம் எங்க கிடைக்கும்?"

தமிழ்நாட்டில் கிராமத்துப் பொதுவேலைக்குப் பணம் கிடைக்கும் வழிகள் பல இருக்கின்றன. என் மேசைக்கு வந்து திரும்பிப்போன கோப்புகளில் "நிதி இல்லை" என்று திரும்பியவை கொஞ்சம்தான். நிலம் யாருடையது என்று தெரியாதது, கிராம சபைத் தீர்மானத்தில் புல எண் (சர்வே எண்) இல்லாதது, செலவு மதிப்பீடு பழையதாகிவிட்டது, இந்த மூன்றும்தான் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பின. ஆகவே நான் சொல்லப்போகும் வரிசை உங்களுக்குத் தலைகீழாகத் தெரியலாம். பணம் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வரும்.

நிலம்

முதல் நாள் வேலை கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பது. இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடித்து, நிலத்தின் வகையையும் உரிமையையும் சொல்லும் 'அ' பதிவேட்டில் அது என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். 'அ' பதிவேட்டு விவரத்தை அரசின் மின்சேவை இணையதளத்திலும் பார்க்கலாம். புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம்) நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். "அது பொது இடம்தான், எங்க தாத்தா காலத்திலிருந்தே சும்மா கிடக்கு" என்பது பதில் ஆகாது. சும்மா கிடக்கும் இடத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு.

வகைப்பாட்டைப் பொறுத்து வழி மாறும். களம், மந்தைவெளி போன்ற புறம்போக்கு என்றால் ஓரளவு எளிது. வருவாய்த் துறையின் ஆட்சேபணையற்ற சான்றோடு நகரும். நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் பேசுங்கள். காலியாக இருக்கும் நத்தத்துக்கு, கடைக்கால் தோண்டும் அன்று அனுபவ உரிமை கேட்டு ஒருவர் வந்து நிற்பார். மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம், என்றால் வகைமாற்றம் செய்யாமல் கட்ட முடியாது. அதற்கு வருடக்கணக்கில் அலைய வேண்டிவரும், வேறு இடம் பாருங்கள். குளம், ஏரி, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால் இப்போது வறண்டு கிடந்தாலும் அதில் கட்டடம் கேட்காதீர்கள். நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு எந்த அதிகாரியும் அதில் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. கோயில் நிலம் என்றால் இந்து சமய அறநிலையத் துறை. சாலையோரம் என்றால் அந்தச் சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்கள்.

ஏரி தூர்வாருவதானால் இன்னொரு கணக்கு உண்டு. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சிறியவற்றை "ஒன்றிய ஏரி" என்றும், பெரியவற்றைப் பழைய பழக்கத்தில் "பொதுப்பணித்துறை ஏரி" என்றும்தான் நாங்கள் சொல்வோம். இது தெரியாமல் ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, அது வேறு துறைக்குப் போய்ச் சேரும் வரை காத்திருக்கிறவர்கள் அதிகம். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஊராட்சி ஒன்றிய தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் கட்டடத்தை ஒன்றியம் பார்க்கும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வழி வேறு.

யாராவது பட்டா நிலம் கொடுக்க முன்வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள். ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகி, பட்டாவும் மாறிய பிறகு கடைக்கால் போடுங்கள். கொடுத்தவர் பெருந்தன்மையான மனிதராக இருக்கலாம். அவருடைய பேரன் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பெருந்தன்மை பத்திரத்தில் இருந்தால்தான் உதவும்.

கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தத் தேதிகளைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கூட்டம் சேர்க்கும் பொறுப்பை ஊராட்சியிடம் விட்டுவிடாமல், உங்கள் தெருவில் இருக்கிறவர்களை நீங்களே அழைத்து வாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் பல ஊர்களில் கிராம சபையை நிரப்புகிறவர்கள். அவர்களிடம் இரண்டு நாள் முன்பே திட்டத்தை விளக்கிச் சொல்லிவிட்டால், கூட்டத்தில் அவர்களே பேசுவார்கள்.

பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க ஊராட்சித் தலைவருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் இருப்பார், அவருக்குக் கொடுங்கள். அப்புறம் தீர்மான வாசகம். இதை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "நூலகம் அமைக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டது" என்று ஒற்றை வரியில் எழுதினால் அது வெறும் ஆசை. மேலே போகிற தீர்மானம் இப்படி இருக்கும்:

"...... ஊராட்சி, ...... குக்கிராமம், புல எண் ...... (வகைப்பாடு ......, பரப்பு ......) இடத்தில் பொது நூலகக் கட்டடம் கட்டுவது என்றும், பொறியாளர் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் பங்களிப்பாகச் செலுத்துவது என்றும், மீதத் தொகையை நமக்கு நாமே திட்டத்தின்கீழ் அனுமதிக்குமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்வது என்றும், கட்டடம் முடிந்தபின் மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் ஊராட்சி பொது நிதியிலிருந்து ஏற்பது என்றும் தீர்மானிக்கப்பட்டது."

நமக்கு நாமே திட்டம் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இதில் கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பணம் கொடுக்கிறவர் அரசானாலும் கம்பெனியானாலும் முதலில் தேடுவது அதைத்தான். கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அலுத்துவிட்டது. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதும், ஊராட்சிச் செயலரிடம் கையொப்பமும் முத்திரையும் உள்ள நகலை அந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மதிப்பீடு

எஸ்டிமேட் இல்லாமல் எந்தக் கோப்பும் நகராது. ஆனால் பக்கத்து ஊர் தனியார் பொறியாளரிடம் காசு கொடுத்துப் போட்ட எஸ்டிமேட் அரசுப் பணத்துக்குச் செல்லாது. ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்து, அந்த ஆண்டு விலைவிகிதப் பட்டியல்படி போட்டால்தான் செல்லும். அவருக்கு ஊராட்சிகள் நிறைய; உங்கள் ஊருக்கு வர நாளாகும். தீர்மான நகலையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பொறியாளரின் கீழ் இருக்கும் ஓவர்சியரைப் பாருங்கள். காகிதம் தயாராக இருக்கும் ஊருக்கு அவர் முதலில் வருவார். இது சிபாரிசு இல்லை, அவருக்கும் வேலை முடிய வேண்டும்.

விலைவிகிதம் ஆண்டுதோறும் மாறும். பழைய எஸ்டிமேட்டைத் தூக்கிக்கொண்டு போனால் திருத்தி வரச் சொல்வார்கள். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, மாற்றுத் திறனாளிகளுக்கான சாய்தளம், ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று நீங்களும் படித்துப் பாருங்கள். மின் இணைப்பு இல்லாத நூலகம் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிவிடும். படிக்கிற பிள்ளைகள் வருவதே ஆறு மணிக்குத்தான்.

சரி, இப்போது பணம்

முதலில் ஊராட்சியின் சொந்தப் பையைப் பாருங்கள். வீட்டு வரி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் எல்லாம் அங்கே வருகின்றன. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டப்பட்டிருந்தது. அதனால் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், மழைநீர்ச் சேகரிப்பு போன்றவற்றுக்கு வெளியே கையேந்தும் முன் ஊராட்சியிலேயே கேளுங்கள். ஆண்டுதோறும் தயாராகும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் வேலை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் ஏறாத வேலைக்குப் பணம் ஒதுக்குவது கடினம்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதி குறிப்பிட்ட வகை வேலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் பணம் கொடுப்பதில்லை, பரிந்துரைக்கிறார்கள். அனுமதி மாவட்ட நிர்வாகத்திடம். அதனால் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொண்டதோடு நின்றுவிடாமல், பரிந்துரைக் கடிதம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனதா, எந்தத் தேதியில் போனது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாரும் கவனிக்காத வழி ஒன்றும் இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினர் தன் மாநிலத்தில் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள். தொகுதி எம்.பி. வீட்டு வாசலில் நிற்கும் கூட்டம் இவர்கள் வாசலில் இருக்காது.

எனக்குப் பிடித்தது நமக்கு நாமே திட்டம்தான். 1997-98இல் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. மக்கள் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். 9 லட்ச ரூபாய் மதிப்பீடு என்றால் ஊர் 3 லட்சம். காலனியில் நடக்கும் வேலை என்றால் 1 லட்சத்து 80 ஆயிரம். ஊர்ப் பங்கை ஒருவரே கொடுக்கலாம், பலர் சேர்ந்து கொடுக்கலாம், ஒரு கம்பெனி கொடுக்கலாம். வழிபாட்டுத் தலத்துக்கோ தனிப்பட்டவர் பயனுக்கோ கிடையாது. எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், தன் கைக்காசு போட்ட ஆள் கம்பியை எண்ணிப் பார்ப்பார். ஒப்பந்தக்காரர் மணலைக் கூட்டிச் சிமென்டைக் குறைத்தால் அலுவலகத்துக்குப் புகார் வரும் முன்பே தளத்தில் சத்தம் கேட்கும்.

ஊர்ப் பங்கு திரட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களுக்கு வசூல் புதிதில்லை. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போட்டு, நோட்டில் பெயர் எழுதி, பாக்கி வைத்தவரை மைக்கில் கூப்பிடும் அளவுக்குத் தேர்ச்சி உண்டு. அந்தத் திறமையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தத் தலைக்கட்டு நோட்டை எடுக்காதீர்கள். பல ஊர்களில் அதில் காலனித் தெரு இருக்காது. கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் தலைக்கட்டாக எழுதப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த நோட்டை வைத்து வசூலித்தால், "பணம் கொடுத்தவங்களுக்குத்தான் நூலகம்" என்ற பேச்சு திறப்பு விழா அன்றே கிளம்பும். குடும்ப அட்டை வரிசைப்படி புதிதாக ஒரு பட்டியல் எழுதுங்கள். குறைந்தபட்சத் தொகையை எல்லாராலும் முடிகிற அளவுக்கு வையுங்கள். முடிந்தவர்கள் கூடுதலாகத் தரட்டும்.

வசூலாகும் பணம் ஒருவர் வீட்டு பீரோவில் இருக்கக் கூடாது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கில் போடுங்கள். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ரேஷன் கடைப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பெரிய தொகை கொடுப்பவர் என்றால் ஊர்க் கணக்கில் போடவே தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் சொல்லும் பெயரில் நேரடியாக வரைவோலை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப் பையன்கள் அனுப்பும் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் மண்ணில் பிறந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டுக்காரர். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்கீழ் பதிவு இல்லாத சங்கம் அவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே அனுப்புகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "தம்பி, பாஸ்போர்ட் எந்த நாட்டுது?"

அடுத்து கம்பெனிப் பணம், அதாவது சி.எஸ்.ஆர். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. எனவே சென்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதைவிட, உங்கள் வட்டாரத்தில் இருக்கும் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் போய்ப் பேசுவது பலன் தரும். போவதற்கு முன் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சி.எஸ்.ஆர். அறிக்கையைப் படியுங்கள். கல்விக்கு மட்டும் கொடுக்கிற நிறுவனத்திடம் சுடுகாட்டுப் பாதை கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதும் காலத்தில், ஜனவரி, பிப்ரவரியிலேயே, உங்கள் காகிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தை நான்கு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஊர், எத்தனை குடும்பம், இப்போது என்ன கஷ்டம், என்ன வேலை, எவ்வளவு மதிப்பீடு, ஊர்ப் பங்கு எவ்வளவு, முடிந்தபின் யார் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவு போதும். "பின்தங்கிய எங்கள் கிராமத்தின் கண்ணீரைத் துடைக்க" என்று தொடங்கும் கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். படிக்கிற அதிகாரி நேராகத் தொகையைத்தான் தேடுவார். அதற்குப் பதில், பிள்ளைகள் இப்போது எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று ஒரு படம் வையுங்கள்.

அரசுப் பள்ளிக்கு என்றால் தனி வழி இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் கொடுக்கலாம். தலைமையாசிரியரைப் பாருங்கள்.

சங்கம் பதிய வேண்டுமா?

ஒரே ஒரு வேலைக்கென்றால் வேண்டாம் என்பது என் கருத்து. ஊராட்சி வழியாகவே நடத்துங்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் பதியலாம்தான். பதிந்த பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்குத் தணிக்கை செய்து, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உற்சாகத்தில் பதிந்துவிட்டு மூன்றாம் ஆண்டே தாக்கல் செய்யாமல் விட்ட இளைஞர் மன்றங்கள்தான் அதிகம். நூலகம் நடத்துவது, மாலை வகுப்பு நடத்துவது என்று தொடர்ந்து செலவு இருக்கும் என்றால் பதியுங்கள். கம்பெனி உங்கள் சங்கத்தின் கையிலேயே பணம் தந்து வேலை செய்யச் சொல்ல வேண்டுமென்றால், சங்கத்துக்கும் நன்கொடையாளருக்கும் வரிச்சலுகை தரும் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவும், குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். புதுச் சங்கத்தால் அது முடியாது. 80ஜி இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதை நன்கொடையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு வந்து சண்டை போடுவார்.

மனு கொடுத்த பிறகு

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் தருவார்கள். அந்த எண்தான் இனி உங்கள் முகவரி. மனு எந்தப் பிரிவுக்குப் போனது என்று கேட்டு, அந்தப் பிரிவு எழுத்தரைப் பாருங்கள். மேலதிகாரியைவிட எழுத்தருக்குத்தான் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். மரியாதையாகக் கேட்டால் "இந்தச் சான்று ஒண்ணு குறையுது" என்று சொல்லிவிடுவார். அதை மூன்று மாதம் கழித்துக் கடிதத்தில் தெரிந்துகொள்வதைவிட அன்றே தெரிந்துகொள்வது நல்லது. எதற்கும் பதிலே இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் முதல் வாரத்திலேயே அதை நீட்டாதீர்கள். நட்பாக நகரும் கோப்பு அதன்பிறகு விதிப்படி மட்டும்தான் நகரும்.

தேர்தல் அறிவிப்பு வருமா என்றும் கவனியுங்கள். நடத்தை விதி வந்துவிட்டால் புது வேலை தொடங்க முடியாது. ஏற்கெனவே தொடங்கியது நடக்கும். நிர்வாக அனுமதி வந்தும் தளத்தில் வேலை ஆரம்பிக்காமல் இருந்தால் அப்போதும் நின்றுவிடும்.

பணி ஆணை வந்ததும் அதன் நகலையும் மதிப்பீட்டின் நகலையும் வாங்குங்கள். கம்பி என்ன அளவு, சுவர் என்ன கனம், கலவை என்ன விகிதம் எல்லாம் அதில் இருக்கும். ஊரில் கொத்தனார் வேலை தெரிந்த ஒருவரைத் தினமும் ஒருமுறை தளத்துக்குப் போகச் சொல்லுங்கள். அளவுப் புத்தகத்தில் பொறியாளர் அளவு எழுதும் நாளில் நீங்களும் உடன் இருங்கள். பணம் அந்த எம்.புக்கை வைத்துத்தான் பட்டுவாடா ஆகும். குறை இருந்தால் பில் தயாராகும் முன் எழுத்தில் கொடுங்கள். பணம் போன பிறகு கொடுக்கும் புகாருக்குப் பலம் குறைவு.

வேலை முடிந்ததும் மாலை, மேளம், திறப்பு விழா எல்லாம் நடக்கட்டும். அதற்கு முன் ஊராட்சிச் செயலரிடம் சொல்லி, புதுக் கட்டடத்தை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். மின் இணைப்பும் ஊராட்சி பெயரிலேயே இருக்கட்டும். தனி நபர் பெயரில் வாங்கினால் அவர் ஊரைவிட்டுப் போனதும் பில் கட்ட ஆள் இருக்காது. பதிவேட்டில் ஏறிய பக்கத்தை ஒரு நகல் எடுத்து, தீர்மானம், மதிப்பீடு, பணி ஆணையோடு ஒரே கோப்பில் கட்டி, அடுத்த வேலைக்கு முன்வரும் இளைஞரிடம் கொடுங்கள். சுற்றுச்சுவரோ குழாயோ, அவர் எழுதப்போகும் முதல் தீர்மானத்துக்கு அந்தக் கோப்பே மாதிரியாக இருக்கும்.